எந்த நகரம் அதிகம் குடிக்கிறது? நகரங்களைச் சரியாக வரிசைப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் விற்பனையாகும் மதுவை மாநிலவாரியாகத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், நியூ ஹாம்ப்ஷயர் என்ற சின்ன மாநிலம் வருடா வருடம் முதலிடத்தில் வந்து நிற்கும். நாட்டின் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த மக்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு குடிக்கிறார்களா என்றால், இல்லை. அங்கே விற்பனை வரி கிடையாது. மாநில அரசே நடத்தும் மதுக்கடைகள் எல்லையை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் இருக்கின்றன. பக்கத்து மாநிலத்துக்காரர்கள் காரில் வந்து பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறார்கள். விற்றது ஓர் ஊரில், குடித்தது வேறோர் ஊரில்.

ஒரு மாநிலத்துக்கே இந்தக் கதி என்றால், நகரத்துக்கு இன்னும் மோசம். நகரத்தின் எல்லை சிறியது. காலையில் உள்ளே வருபவர்கள், மாலையில் வெளியே போகிறவர்கள், சுற்றுலாப் பயணிகள், நான்கு வருடம் தங்கிவிட்டுப் போகும் மாணவர்கள் என்று எல்லாப் பக்கமும் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். இருந்தும் 'அதிகம் குடிக்கும் 20 நகரங்கள்' என்ற பட்டியல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதில் முதலிடம் பிடித்த ஊரின் பெயரில் அந்த அடையாளம் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஊரில் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்களின் மேலும்தான்.

சுகாதாரப் புள்ளிவிவரங்களோடு பல வருடங்கள் புழங்கியவன் என்ற முறையில், இப்படி ஒரு பட்டியலை முறையாகத் தயாரிப்பது எப்படி என்று படிப்படியாக எழுதுகிறேன். பத்திரிகையில் வேலை செய்பவர்கள், நகராட்சி சுகாதாரத் துறையில் இருப்பவர்கள், புள்ளியியல் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது. கணக்கு கொஞ்சம் வரும். கூட்டல், பெருக்கல், ஒரு வர்க்கமூலம், அவ்வளவுதான்.

படி 1: எந்தக் கேள்வி என்று முடிவு செய்யுங்கள்

'அதிகம் குடிக்கும் நகரம்' என்பது ஒரு கேள்வி மாதிரி தெரிகிறது. உண்மையில் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை பேர் குடிக்கிறார்கள்? எல்லோரும் சேர்ந்து எவ்வளவு குடிக்கிறார்கள்? எத்தனை பேர் ஒரே அமர்வில் அளவு மீறிக் குடிக்கிறார்கள்? குடியால் எத்தனை பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், சாகிறார்கள்?

ஒரே நகரங்களை வைத்துக்கொண்டு இந்த நான்கு கேள்விக்கும் பட்டியல் போட்டால் நான்கு வெவ்வேறு பட்டியல்கள் வரும். ஒரு நகரத்தில் பத்தில் எட்டுப் பேர் சாப்பாட்டோடு ஒரு குவளை ஒயின் குடிப்பார்கள். இன்னொன்றில் பத்தில் நான்கு பேர்தான் குடிப்பார்கள், ஆனால் வார இறுதியில் போதை தலைக்கேறும்வரை குடிப்பார்கள். முதல் கேள்வியில் முன்னால் நிற்பது முதல் நகரம், மூன்றாவது கேள்வியில் இரண்டாவது நகரம்.

நான்காவது கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதிப்பை வைத்துக் குடியின் அளவைக் கணிக்கக் கூடாது. வசதி குறைந்தவர்கள், வசதியானவர்கள் குடிக்கும் அதே அளவையோ அதைவிடக் குறைவாகவோ குடித்தாலும் அவர்களுக்கு வரும் பாதிப்பு அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சத்துக் குறைவு, புகைப்பழக்கம், மருத்துவ வசதி கிடைக்காமை, குடிக்கும் முறை எல்லாம் அதில் சேர்கின்றன. கல்லீரல் நோய்ச் சாவுகளை வைத்து வரிசைப்படுத்தினால், நீங்கள் பாதி அளப்பது வறுமையை. அதேபோல, குடித்துவிட்டு வண்டி ஓட்டி நடக்கும் விபத்துகள் அந்த ஊரில் இரவு நேரப் பேருந்தும் ரயிலும் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன. குடிபோதைக் கைதுகளின் எண்ணிக்கை போலீஸ் எத்தனை இடத்தில் நின்று சோதித்தது என்பதைப் பொறுத்தது. மதுக்கூடங்களின் எண்ணிக்கையோ சுற்றுலாத் தொழிலைக் காட்டும்.

இவை எல்லாவற்றையும் ஆளுக்குக் கொஞ்சம் மதிப்பெண் கொடுத்துக் கலந்து ஒரே 'குறியீட்டெண்' ஆக்குவது பலருக்குப் பிடித்த வழி. என் கருத்தில் அது வேண்டவே வேண்டாம். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை மாற்றினால் முதலிடம் மாறிவிடும். அந்த மதிப்பெண்ணை முடிவு செய்வது நகரம் அல்ல, பட்டியல் போடுபவர். ஒரு கேள்வியை எடுங்கள். அதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

படி 2: நகரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

மாநகராட்சி எல்லையா, புறநகர் சேர்ந்த பெருநகரப் பகுதியா? இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. மாநகராட்சி எல்லை சில ஊர்களில் நகரத்தின் மையத்தை மட்டும் சுற்றி நிற்கும். சில ஊர்களில் வயல்வெளிவரை போகும். மையத்தில் இளைஞர்களும் தனியாக வாழ்பவர்களும் அதிகம் இருப்பதால், குறுகிய எல்லை கொண்ட நகரம் அந்த ஒரு காரணத்தாலேயே மேலே போய்விடும்.

நாடு கடந்து ஒப்பிடுவதென்றால் ஐரோப்பிய ஒன்றியமும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியும் சேர்ந்து வகுத்த முறை உதவும். சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 1,500 பேர் என்ற நெருக்கத்தில், மொத்தம் குறைந்தது 50,000 பேர் வாழும் தொடர்ச்சியான பகுதி நகர மையம். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் 15 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும் சுற்றுப் பகுதிகளையும் சேர்த்தால் அது செயல்படும் நகரப் பகுதி. அமெரிக்காவுக்குள் மட்டும் என்றால் கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் போன்றவை) சேர்த்து உருவாக்கிய பெருநகரப் புள்ளிவிவரப் பகுதிகளே போதும்.

படி 3: தரவு எங்கிருந்து வரும்

மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் குறை உண்டு, ஆனால் ஒவ்வொன்றின் குறையும் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது விற்பனைக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் நாடுகளை ஒப்பிடுவது இதை அடிப்படையாக வைத்துத்தான். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தலைக்கு ஒரு வருடத்தில் எத்தனை லிட்டர் தூய ஆல்கஹால் என்பதுதான் அதன் அளவுகோல். 2019ல் உலக சராசரி 5.5 லிட்டர். இந்த எண்ணில் கணக்கில் வராத மதுவுக்கும் ஒரு மதிப்பீடு சேர்த்திருப்பார்கள்: வீட்டில் காய்ச்சியது, கடத்தி வந்தது, குடிப்பதற்கென்று தயாரிக்கப்படாதது. சுற்றுலாப் பயணிகள் குடித்ததற்கும் ஒரு திருத்தம் உண்டு. நாட்டளவில் செய்யும் இந்தத் திருத்தங்களை நகரத்துக்குச் செய்யத் தேவையான தரவு பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் விற்பனையை மட்டும் நம்பி நகரங்களை வரிசைப்படுத்துவது ஆபத்து. எல்லா நகரங்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில், ஒரே வரி விதிப்பின் கீழ் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இரண்டாவது, மக்களிடமே கேட்கும் சர்வே. அமெரிக்க நகரப் பட்டியல்களில் கணிசமானவற்றுக்கு மூலம் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வருடந்தோறும் தொலைபேசியில் நடத்தும் பி.ஆர்.எஃப்.எஸ்.எஸ். என்ற கணக்கெடுப்பு. கடந்த 30 நாளில் குடித்தீர்களா, எத்தனை நாள், ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு, ஒரே சமயத்தில் ஆண் என்றால் 5 டிரிங்க் அல்லது அதற்கு மேல், பெண் என்றால் 4 அல்லது அதற்கு மேல் (ஒரு டிரிங்க் எவ்வளவு என்பது படி 4ல்) குடித்தது எத்தனை முறை என்று கேட்பார்கள். விஸ்கான்சின், வடக்கு டகோட்டா போன்ற மாநிலங்கள் மேலேயும், மார்மன் சபையினர் அதிகமாக வாழும் யூட்டா கீழேயும் வருவது இந்தக் கணக்கெடுப்பில் பல வருடங்களாகத் தொடர்கிறது. அந்தச் சபை மதுவை விலக்கச் சொல்கிறது. அந்த வேறுபாடு உண்மையானது, பிழை வரம்பைத் தாண்டியது. சிக்கல் நடுவில் இருக்கும் நகரங்களில்தான். அதற்குப் படி 7ல் வருகிறேன்.

சர்வேயின் பெரிய பலவீனம், மக்கள் குறைத்துச் சொல்வது. பல நாடுகளில், சர்வேயில் சொன்னதையெல்லாம் கூட்டினால் விற்ற மதுவில் 40 முதல் 60 சதவீதம்தான் கணக்கில் வரும். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. வீட்டில் ஊற்றிக்கொள்ளும் குவளை கணக்கில் சொல்லும் குவளையைவிடப் பெரியது. கல்யாணத்தில், விடுமுறையில் குடித்ததை 'வழக்கமாக' என்ற கேள்வியில் யாரும் சேர்ப்பதில்லை. மிக அதிகமாகக் குடிப்பவர்கள் சர்வேக்காரர் கையில் சிக்குவதே அரிது; வீடில்லாதவர்கள், மருத்துவமனையில், சிறையில் இருப்பவர்கள் பட்டியலிலேயே இல்லை.

இதில் நகர வரிசைக்கு முக்கியமானது ஒன்று. எல்லா ஊரிலும் ஒரே விகிதத்தில் குறைத்துச் சொன்னால் வரிசை மாறாது. ஆனால் குடிப்பதை இழிவாகப் பார்க்கும் ஊரில் அதிகமாக மறைப்பார்கள், சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஊரில் திறந்து சொல்வார்கள். அப்போது இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள இடைவெளி நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். நேரில் கேட்டதா, தொலைபேசியா, தானே நிரப்பும் இணையப் படிவமா என்பதும் விடையை மாற்றும். வெவ்வேறு முறையில் எடுத்த சர்வேக்களை ஒரே பட்டியலில் போடாதீர்கள்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: கழிவுநீர். உடலுக்குள் போன ஆல்கஹாலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு, எத்தில் சல்பேட் என்ற பொருளாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் நீரில் அதன் செறிவை அளந்து, ஒரு நாளில் வரும் நீரின் அளவால் பெருக்கி, பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஊர் மொத்தமும் எவ்வளவு குடித்தது என்பது வந்துவிடும். உடலுக்குள் போகாமல் சாக்கடையில் கொட்டிய மது இதில் சேராது. ஓஸ்லோவில் இப்படிச் செய்த ஆய்வு 2011ல் வெளியானது. 2016ல் 11 நாடுகளின் 20 நகரங்களை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் நாடு முழுக்கத் தொடர்ந்து நடக்கும் கழிவுநீர்க் கண்காணிப்பில் மதுவும் உண்டு. வார நாள்களைவிட வார இறுதியில் அளவு ஏறுவதை இந்த முறை தெளிவாகக் காட்டுகிறது. யாரும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, மறைக்கவும் வழியில்லை.

ஆனால் யார் குடித்தார் என்பதை அது சொல்லாது. ஒருவர் பத்துக் குவளை குடித்ததும், பத்துப் பேர் ஆளுக்கொன்று குடித்ததும் அதற்கு ஒன்றுதான். உள்ளூர்க்காரர், விருந்தாளி என்ற பிரிவும் இல்லை. ஆக, 'மொத்தம் எவ்வளவு' என்ற கேள்விக்குக் கழிவுநீர், 'எத்தனை பேர்' என்ற கேள்விக்குச் சர்வே என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 'பிளேசஸ்' என்ற திட்டம் சின்ன ஊர்களுக்கும் கூட எண்கள் தருகிறது. அவை அந்த ஊரில் நேரடியாக அளந்தவை அல்ல. ஊரின் வயது, பாலினம், இனம், கல்வி, வறுமை விவரங்களை ஒரு புள்ளியியல் மாதிரியில் போட்டுக் கணித்தவை. உள்ளூர்த் திட்டங்களின் பலனை மதிப்பிட இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். மக்கள்தொகையை வைத்துக் கணித்த எண்ணால் நகரங்களை வரிசைப்படுத்தினால், கடைசியில் மக்கள்தொகையின் அமைப்பைத்தான் வரிசைப்படுத்தியிருப்பீர்கள்.

படி 4: எல்லாவற்றையும் தூய ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள்

'ஒரு டிரிங்க்' என்பது நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனின் ஒரு யூனிட்டில் 8 கிராம் ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம், ஜப்பானில் ஏறக்குறைய 20 கிராம். இதைக் கவனிக்காமல் 'வாரம் 10 டிரிங்க்' என்று இரண்டு நாட்டு நகரங்களை ஒப்பிட்டால், ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு தள்ளிப்போகலாம்.

மாற்றுவது சுலபம். மில்லிலிட்டர் அளவை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்குங்கள், அதை 0.789ஆல் பெருக்குங்கள். அது எத்தனாலின் அடர்த்தி. 355 மில்லி பியர், 5 சதவீதம்: 17.75 மில்லி, அதாவது 14 கிராம். 45 மில்லி விஸ்கி, 40 சதவீதம்: 18 மில்லி, 14.2 கிராம். 150 மில்லி ஒயின், 12 சதவீதம்: அதே 14.2 கிராம். அமெரிக்க அளவு எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

ஒரு நகரத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனை நகரம்தான், பெயர் 'க'. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 4 லட்சம் பேர். வருட விற்பனை: பியர் 3 கோடி லிட்டர், ஒயின் 20 லட்சம் லிட்டர், 40 சதவீத மது 15 லட்சம் லிட்டர். தூய ஆல்கஹால் முறையே 15 லட்சம், 2.4 லட்சம், 6 லட்சம் லிட்டர். மொத்தம் 23.4 லட்சம். தலைக்கு 5.85 லிட்டர், நாளொன்றுக்கு 12.6 கிராம்.

இந்த ஊரில் 40 சதவீதம் பேர் குடிப்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது குடிப்பவர்களுக்கு மட்டும் வகுத்தால் தலைக்கு 9.75 லிட்டர், நாளுக்கு 21 கிராம். இரண்டு எண்ணும் சரிதான், சொல்லும் விஷயம் வேறு. உலகத்தில் 15 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடந்த ஒரு வருடத்தில் குடிக்காதவர்கள் என்பதால், இந்த இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குடிப்பவர்கள் குறைவாக இருக்கும் ஊரில், குடிக்கும் சிலருடைய நிலைமை தலைக்கணக்குச் சராசரிக்குள் ஒளிந்துவிடும்.

'அளவு மீறி' என்பதற்கும் ஒரே வரையறை வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்துக்கு அது ஒரே அமர்வில் 60 கிராமுக்குக் குறையாமல். அமெரிக்கச் சர்வேயில் ஆணுக்கு 70 கிராம், பெண்ணுக்கு 56 கிராம் வருகிறது. பெண்களுக்கான எல்லை 2006க்கு முன்னால் அங்கேயும் 5 டிரிங்க்தான். எல்லையை 4 ஆக்கியதும் அதிகம் குடிக்கும் பெண்களின் சதவீதம் ஏறியது. பழக்கம் மாறியதால் மட்டும் அல்ல. அதேபோல 2011ல் கைபேசி எண்களையும் சேர்த்து, எடையிடும் முறையையும் (சர்வேயில் குறைவாகச் சிக்கிய பிரிவினரின் விடைகளுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பது) மாற்றினார்கள். 2010ஐயும் 2011ஐயும் பக்கத்தில் வைத்து 'ஏறிவிட்டது' என்று எழுதுவது தவறு.

படி 5: வந்து போகிறவர்களைக் கழியுங்கள்

சர்வேயைப் பயன்படுத்தினால் இந்தப் படி தேவையில்லை, அங்கே வசிப்பவர்களைத்தான் கேட்டிருப்பார்கள். விற்பனைக்கும் கழிவுநீருக்கும் தேவை.

'க' நகரத்தில் வருடத்துக்கு வயது வந்த வெளியூர்க்காரர்கள் தங்கும் இரவுகள் 73 லட்சம் என்றால், சராசரியாக எந்த நாளிலும் 20,000 பேர் கூடுதலாக இருக்கிறார்கள். அவர்கள் உள்ளூர்க்காரர்கள் அளவே குடிப்பதாக வைத்தால் வகுக்க வேண்டிய எண் 4.2 லட்சம், தலைக்கு 5.57 லிட்டர். விடுமுறைக்கு வந்தவர்கள் இரண்டு மடங்கு குடிப்பதாக வைத்தால் 5.32. இரண்டையும் கணக்கிட்டு, வரிசை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த நகரத்தை வரிசையில் போடும் அளவுக்கு உங்களிடம் தகவல் இல்லை. கழிவுநீருக்கு, அந்த நேரத்தில் எத்தனை பேர் ஊரில் இருந்தார்கள் என்பதை அதே நீரில் உள்ள அம்மோனியம் அளவை வைத்து மதிப்பிடும் வழியும் உண்டு.

படி 6: வயதைச் சமன் செய்யுங்கள்

இதைத் தவறவிட்டால் பட்டியலின் உச்சியில் பல்கலைக்கழக ஊர்களாக வந்து நிற்கும். நான் முதன்முதலில் இப்படி ஒரு பட்டியல் போட்டபோது இதைத்தான் செய்யாமல் விட்டேன். மேலே வந்த ஊர்கள் எல்லாமே மாணவர்கள் நிறைந்தவை என்பதை ஒரு நண்பர் சுட்டிக்காட்டிய பிறகுதான் உறைத்தது.

ஓர் எளிய கணக்கு. அளவு மீறிக் குடிப்பவர்கள் 18–34 வயதில் 30 சதவீதம், 35–64ல் 20, 65க்கு மேல் 6 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நகரங்களிலும் இதே விகிதம், பழக்கத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் நகரத்தில் இந்த மூன்று வயதுக் குழுக்கள் 50, 35, 15 சதவீதம். இரண்டாவதில் 25, 45, 30. கூட்டிப் பாருங்கள்: முதல் நகரம் 22.9 சதவீதம், இரண்டாவது 18.3. பழக்கம் ஒன்றாக இருந்தும் 4.6 புள்ளி இடைவெளி! ஒரு பட்டியலில் இது பத்து இருபது இடங்களைத் தள்ளிவிடும்.

தீர்வு, இரண்டுக்கும் ஒரே பொதுவான வயது அமைப்பை வைப்பது. 35, 45, 20 என்று வைத்தால் இரண்டும் 20.7. நாடுகளுக்கிடையே என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான மக்கள்தொகை அமைப்பு இருக்கிறது. ஒரே நாட்டுக்குள் என்றால் அந்த நாட்டின் மொத்த அமைப்பு போதும். ஆண் பெண் விகிதம் ஊருக்கு ஊர் அதிகம் மாறினால் அதையும் சேர்த்துச் சமன் செய்யுங்கள்.

வருமானம், மதம், கல்வி இவற்றுக்கும் செய்ய வேண்டுமா? வேண்டாம். அவை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது எந்த நகரமும் இல்லை. ஆனால் நகராட்சிக்குத் திட்டம் போடுகிறீர்கள் என்றால் சமன் செய்யாத எண்ணையும் கையில் வைத்திருங்கள். சிகிச்சைக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்று சொல்வது அதுதான்.

படி 7: பிழை வரம்பு போடாமல் வரிசை எண் போடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

ஒரு நகரத்தில் 500 பேரிடம் கேட்டோம், 20 சதவீதம் பேர் அளவு மீறிக் குடிப்பதாகச் சொன்னார்கள். 0.2ஐ 0.8ஆல் பெருக்கி 500ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.0179, அதாவது 1.79 புள்ளி. இதுதான் பிழை. அதை 1.96ஆல் பெருக்கினால் பிழை வரம்பு, கூட்டியும் குறைத்தும் 3.5 புள்ளி. இது சீட்டுக் குலுக்கியது போல ஆட்களை எடுத்தால் மட்டும். நிஜ சர்வேயில் எடையிடுவதால் பிழை பெருகும். பிழையின் வர்க்கம் 2 மடங்காவதாக எடுத்தால் வரம்பு 5 புள்ளி. அதாவது உண்மை 15லிருந்து 25க்குள் எங்கேயும் இருக்கலாம். இரண்டு நகரங்களை ஒப்பிடும்போது பிழைகளும் சேர்ந்துவிடும்: வித்தியாசத்தின் வரம்பு 7 புள்ளி. 20 சதவீத நகரத்தையும் 26 சதவீத நகரத்தையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல இந்தத் தரவால் முடியாது.

இது வரிசை எண்ணை என்ன செய்யும்? 50 நகரங்கள், நகரங்களுக்கிடையே உண்மையான வேறுபாட்டின் திட்ட விலக்கம் (நகரங்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) 3 புள்ளி என்று வைத்துக் கணக்கிட்டால், சரியாக நடுவில் வரும் நகரத்தின் வரிசை ஏறக்குறைய 7ஆம் இடத்திலிருந்து 43ஆம் இடம்வரை எதுவாகவும் இருக்கலாம். 25ஆம் இடம் என்று அச்சிட்டால் படிப்பவர் 25 என்றே நம்புவார்.

இதை நீங்களே எக்செல் மாதிரி ஒரு விரிதாளில் செய்யலாம். ஒவ்வொரு நகரத்துக்கும் அதன் எண்ணையும் பிழையையும் வைத்து ஒரு தற்செயல் எண் உருவாக்குங்கள். எல்லா நகரங்களையும் அந்த எண்களை வைத்து வரிசைப்படுத்துங்கள். இதை 10,000 முறை திரும்பச் செய்து, ஒவ்வொரு நகரமும் பெற்ற இடங்களில் மேலே 2.5 சதவீதத்தையும் கீழே 2.5 சதவீதத்தையும் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவதுதான் அந்த நகரத்தின் வரிசை வரம்பு. ஹார்வி கோல்ட்ஸ்டைன், டேவிட் ஸ்பீகல்ஹால்டர் என்ற புள்ளியியலாளர்கள் 1996லேயே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வைத்து இந்த வரம்புகள் எவ்வளவு அகலமானவை என்று காட்டிவிட்டார்கள். நகரப் பட்டியல் போடுபவர்களில் பலர் இன்னும் அதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அப்புறம், சின்ன நகரங்களைப் பற்றி. எந்தப் பட்டியலிலும் உச்சியிலும் அடியிலும் சின்ன ஊர்களே அதிகம் வரும். காரணம், குறைவான பேரைக் கேட்டால் விடை மேலும் கீழும் அதிகமாக ஆடும். இதற்கு ஒரு மருந்து, ஒவ்வொரு நகரத்தின் எண்ணையும் மொத்தச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுப்பது. எவ்வளவு இழுப்பது என்பதைத் தரவே சொல்லும். நகரங்களுக்கிடையே உள்ள மாறுபாடு 9 (திட்ட விலக்கம் 3இன் வர்க்கம்), நகரத்தின் அளவீட்டுப் பிழையின் வர்க்கம் 6.4 என்றால், 9ஐ 15.4ஆல் வகுத்தால் 0.58. சராசரி 20, இந்த நகரம் 28 காட்டுகிறது என்றால் இழுத்த பின் மதிப்பீடு 24.7. ஆயிரக்கணக்கானோரைக் கேட்ட பெரிய நகரம் இருந்த இடத்திலேயே இருக்கும். 200 பேரைக் கேட்ட ஊர் நன்றாகவே நகரும்.

இழுக்கப் பிடிக்கவில்லை என்றால் மூன்று வருடத் தரவைச் சேருங்கள். 1,500 பேர் ஆனதும் வரம்பு 5லிருந்து 2.9 புள்ளியாகக் குறையும். 300 பேருக்கும் குறைவாகக் கேட்ட நகரங்களை நான் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன்.

படி 8: வரிசையைக் குழுவாக மாற்றுங்கள்

பிழை வரம்பு முழுக்கச் சராசரிக்கு மேலே இருக்கும் நகரங்கள் ஒரு குழு, முழுக்கக் கீழே இருப்பவை ஒரு குழு, மற்றவை எல்லாம் நடுக்குழு. நடுக்குழுவில் எண் கொடுக்காதீர்கள், அகர வரிசையில் போடுங்கள். பெரும்பாலான நகரங்கள் அங்கேதான் வரும். பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது, 'முதலிடம் யார்' என்று கேட்பார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கவுண்டி சுகாதாரத் தரவரிசை, அளவு மீறிய குடியையும் ஓர் அளவாக வைத்துப் பல வருடங்கள் கவுண்டிகளுக்கு எண் கொடுத்து வந்தது. 2024ல் அவர்களே அந்த எண்களைக் கைவிட்டுக் குழுக்களுக்கு மாறினார்கள்.

படி 9: வெளியிடும்போது

அட்டவணைக்கு மேலேயே, அடிக்குறிப்பில் அல்ல, இவை இருக்கட்டும்: எந்தக் கேள்வி, எந்த எல்லை, எந்த வருடங்கள், எத்தனை பேர், வயது சமன் செய்ததா, பிழை வரம்பு எவ்வளவு. அட்டவணையைவிட ஒரு படம் நல்லது. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு புள்ளி, அதன் இருபுறமும் வரம்பைக் காட்டும் கோடு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதைப் பார்த்தாலே, யார் முதலில் என்று கேட்கும் அவசரம் வாசகரிடம் கொஞ்சம் அடங்கும்.

'குடிகார நகரம்' என்று எழுதாதீர்கள். அளவு மீறிக் குடிப்பவர்கள் 25 சதவீதம் என்றால் 75 சதவீதம் பேர் அப்படி இல்லை. குடியை நிறுத்தப் போராடிக்கொண்டிருக்கும் ஒருவரும், அவருடைய குழந்தைகளும் அந்தத் தலைப்பைப் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுங்கள். உலகத்தில் மதுவால் ஏற்படும் சாவுகள் 2019ல் 26 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தச் சாவுகளில் ஒரு பகுதி உங்கள் பட்டியலில் இருக்கும் ஊர்களிலும் நடந்திருக்கும்.

அடுத்த வருடம் பட்டியலைப் புதுப்பிக்கும்போது, '12 இடம் முன்னேறியது', '9 இடம் சரிந்தது' என்ற பத்தியை எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த நகரத்தின் இந்த வருட எண்ணிலிருந்து போன வருட எண்ணைக் கழியுங்கள். இரண்டின் பிழைகளையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1.96ஆல் பெருக்குங்கள். கழித்து வந்த வித்தியாசம் அதைவிடச் சிறியதாக இருந்தால் 'மாற்றம் தெரியவில்லை' என்று அந்த நகரத்துக்கு எதிரே எழுதிவிட்டு அடுத்த நகரத்துக்குப் போங்கள்.